கவுனுக்குப் பக்கத்தில் கணக்கையும் எழுதி வையுங்கள்

பெறுநர்: முதல் பெண்மணிகள் காட்சிக்கூடத்தின் காப்பாட்சியர்கள், அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகம், ஸ்மித்சோனியன், வாஷிங்டன்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

வாஷிங்டனைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு உங்கள் அருங்காட்சியகம் நன்றாகப் பழகிய இடம். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கேப்பிட்டல், லிங்கன் நினைவிடம், விண்வெளிக் கூடம், அப்புறம் நீங்கள். டிக்கெட் கிடையாது, உள்ளே ஏசி உண்டு, கால் வலித்தால் உட்கார பெஞ்சும் உண்டு. அப்பாக்கள் முதல் தளத்து ரயில் என்ஜினோடு நின்றுவிடுவார்கள். அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு நாங்கள் மூன்றாம் தளத்துக்கு ஏறி, ஜனாதிபதிகளின் மனைவிமார் உடுத்திய கவுன்களைப் பார்க்க வந்துவிடுவோம். அங்கே பக்கத்தில் தமிழ்க்குரல் கேட்காத கோடை விடுமுறை கிடையாது. அதனால்தான் இந்த மடலைத் தமிழிலேயே எழுதி, எல்லாரும் படிக்கும்படி போடுகிறேன். ஆங்கிலப் படி தனியாக உங்களுக்கு வந்து சேரும்.

கவுன்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. படித்தவர்கள் பலர் அதைத்தான் சொல்கிறார்கள்: எலினோர் ரூஸ்வெல்ட் மாதிரி ஒரு பெண்ணைத் துணி மாட்டும் பொம்மையாக்கி நிறுத்துவது அவமானம், உடுப்பை ஓரம் கட்டிவிட்டுச் செய்த வேலையைக் காட்டுங்கள் என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உடுப்பும் ஒரு ஆவணம்தான். அதைச் சரியாகப் படிக்க விடுவதில்லை என்பதுதான் என் குறை. நான் கேட்பது மூன்று விவரம். யார் தைத்தது, யார் காசு கொடுத்தது, உடுத்தியவருக்கு நாடு என்ன கொடுத்தது. ஒவ்வொரு கவுனுக்கும் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்.

இந்தக் கேள்விகள் என் சொந்த மூளையில் உதித்தவை என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. போன கோடையில் பெரியம்மா வந்திருந்தார். திண்டுக்கல் பக்கம் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். துணி வெளுக்காமல் இருக்க நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த மங்கலில் மேரி லிங்கனின் ஊதா வெல்வெட் உடுப்புக்கு முன்னால் போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி நின்றுகொண்டார்.

"பைப்பிங் பாத்தியா? நூல் பிடிச்ச மாதிரி நேரா போயிருக்கு. வெல்வெட்டுல இப்படி வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. யாரு தச்சது?" என்றார். பெயரைச் சொன்னேன். "கூலி என்ன குடுத்தாங்களாம்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனாதிபதி பெயரையோ, அவர் எந்தக் கட்சி என்பதையோ பெரியம்மா கேட்கவே இல்லை.

அந்த உடுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பாவாடை, அதற்கு இரண்டு மேல்சட்டை. பகலில் போட ஒன்று, மாலை விருந்துக்கு ஒன்று. பகல் சட்டைக்குச் சிப்பிப் பொத்தான். ஓரமெல்லாம் வெள்ளை சாட்டின் பைப்பிங். 1861-62 குளிர்காலத்தில் மேரி லிங்கன் உடுத்தியது. தைத்தவர் எலிசபெத் கெக்லி என்று நம்பப்படுகிறது. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். ஊசியும் கையுமாக உழைத்து, தன்னை வைத்திருந்த குடும்பத்துக்கே சோறு போட்டவர். 1855-ல் செயின்ட் லூயிஸ் நகரில் தனக்கும் மகனுக்கும் சேர்த்து 1,200 டாலர் விலை கொடுத்து விடுதலை வாங்கினார். வாடிக்கைக்காரப் பெண்கள் கடனாகப் புரட்டிக் கொடுத்த பணம் அது. தைத்துத் தைத்தே அடைத்தார். 1860-ல் வாஷிங்டனுக்கு வந்து கடை போட்டார். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்குத் தலைவராகப் போகவிருந்த ஜெஃபர்சன் டேவிஸின் மனைவிக்கும் தைத்திருக்கிறார், அதை ஒழித்த லிங்கனின் மனைவிக்கும் தைத்திருக்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தே ஆகவேண்டிய கதை. மேரி லிங்கன் கண்டபடி துணி வாங்குபவர், கடன் தலைக்கு மேல் ஏறியிருந்தது. கணவர் சுடப்பட்டு இறந்தபின் கடன்காரர்களைச் சமாளிக்க முடியவில்லை. 1867 இலையுதிர்காலத்தில் பழைய உடுப்புகளைப் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். மிஸஸ் கிளார்க் என்று பொய்ப்பெயர். கூடப் போனவர் கெக்லி. விஷயம் வெளியே தெரிந்ததும் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. தரகர்கள் உடுப்புகளைக் கடையில் விரித்து வைத்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், புரட்டிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், வாங்காமல் போனார்கள். அவருக்கு வருடம் 3,000 டாலர் ஓய்வூதியம் கொடுக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒருவழியாக ஒப்புக்கொண்டது 1870-ல்தான்.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மேரி லிங்கனின் உடுப்புகளைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை, இன்றைக்கு அவர் உடுத்திய ஒன்றை வரிசையில் நின்று பார்க்கிறோம்.

கெக்லிக்கு என்ன ஆனது? மேரிக்காகத் தன் கடையை விட்டுவிட்டுப் போனதில் வருமானம் போயிற்று. 1868-ல் நடந்ததையெல்லாம் நினைவுக்குறிப்பாக எழுதி நூலாக வெளியிட்டார். மேரிக்கு நியாயம் கிடைக்கட்டும் என்றுதான் எழுதினார், ஆனால் வீட்டுக்குள் நடந்ததை ஒரு தையற்காரி, அதுவும் ஒரு கறுப்பினப் பெண், வெளியே சொல்வதா என்று ஊரே எகிறியது. மேரி முகம் கொடுத்துப் பேசவில்லை, வாடிக்கையும் குறைந்தது. 1907-ல் வாஷிங்டனில் ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கான இல்லம் ஒன்றில் இறந்தார். இந்த விவரங்களில் உங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தெரியும். ஆனால் வெல்வெட்டுக்கு முன்னால் நிற்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுடைய பட்டு கவுனும் உங்களிடம் இருக்கிறது. பூவும் பூச்சியுமாகக் கையால் தீட்டியது, அழகோ அழகு. அந்த அம்மாளுக்கு உடுத்தி விட்டு, கிழிசல் தைத்து, கூடவே இருந்தவர் ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண். ஓனாவின் தாயும் மவுண்ட் வெர்னான் பண்ணையில் தையற்காரிதான். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் பிலடெல்பியாவில் ஜனாதிபதி வீட்டார் சாப்பாட்டில் இருந்தபோது ஓனா நழுவிவிட்டார். தேடிக் கொடுப்பவருக்குப் பத்து டாலர் என்று ஜனாதிபதி வீட்டு மேலாளர் பேப்பரில் விளம்பரம் போட்டார். அதில் ஒரு வரி: இவளிடம் எல்லா வகையிலும் நல்ல உடுப்புகள் நிறைய இருக்கின்றன, ஆனால் விவரிக்கும் அளவுக்கு ஞாபகமில்லை. எஜமானியின் உடுப்பு 200 வருடத்துக்கு மேல் பத்திரமாக இருக்கிறது, உடுத்தி விட்டவளின் உடுப்போ அன்றைக்கே யாருக்கும் ஞாபகமில்லை. ஓனா நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். ஜனாதிபதி வாஷிங்டன் ஆள் அனுப்பியும் திரும்பவில்லை. 1848-ல் அங்கேயே இறந்தார், சட்டப்படி கடைசிவரை தப்பியோடிய அடிமையாகவே. அந்த விளம்பரத்தின் நகலை அந்தப் பட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், நீங்கள் ஒரு வார்த்தை கூட எழுத வேண்டாம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் கணக்குக் கேட்கிறார்கள் என்று நினைக்கலாம். கேட்டார்கள். நான்சி ரீகனைக் கேட்டார்கள். 1981 பதவியேற்பு விருந்துக்கு அவர் போட்ட ஒற்றைத் தோள் வெள்ளை கவுனும் உங்களிடம்தான் இருக்கிறது, தைத்துக் கொடுத்தது ஜேம்ஸ் கலானோஸ். பெரிய வடிவமைப்பாளர்களிடம் விலையுயர்ந்த உடுப்புகளை இரவலாக வாங்கிப் போடுகிறார் என்று சர்ச்சை கிளம்பியது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்த சமயம். அதே வருடம் வெள்ளை மாளிகைக்கு 209,508 டாலரில் புதுப் பீங்கான் விருந்துப் பாத்திரங்கள் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அரசுப் பணம் இல்லை, ஒரு அறக்கட்டளை கொடுத்தது, ஆனாலும் யாரும் விடவில்லை. இனி இரவல் வாங்கமாட்டேன் என்று 1982-ல் அறிவித்தார். பழக்கம் நிற்கவில்லை என்பது 1988-ல் வெளியே வந்தது.

திட்டினவர்கள் திட்டினார்கள், சரி. ஆனால் ஒன்றைக் கேட்கவில்லை. வாரத்துக்கு நாலு விருந்து, ஒவ்வொன்றுக்கும் உலகமே படம் எடுக்கும், போட்டதையே திரும்பப் போட்டால் அதுவும் செய்தி. இதற்கெல்லாம் அந்தப் பெண்ணுக்கு நாடு கொடுக்கும் சம்பளம் எவ்வளவு? சுழியம். உடுப்புக்கென்று தனிப்படியும் கிடையாது. அமெரிக்க அரசமைப்பில் இந்தப் பதவியே இல்லை. 1978-ல் வந்த ஒரு சட்டம், ஜனாதிபதியின் கடமைகளில் அவருக்கு உதவும் துணைவருக்கு ஊழியர்களையும் வசதிகளையும் கொடுக்கலாம் என்கிறது. உதவியாளருக்குச் சம்பளம் உண்டு, செயலருக்குச் சம்பளம் உண்டு. அம்மணிக்கு இல்லை. ஜில் பைடன் சமுதாயக் கல்லூரியில் பாடம் நடத்துவதை விடாமல், வெள்ளை மாளிகைக்கு வெளியே சம்பள வேலை பார்த்த முதல் முதல் பெண்மணி என்று பெயர் வாங்கியது 2021-ல்தான்.

உங்கள் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ரோசலின் கார்ட்டரின் நீல ஷிஃபான் கவுன். ஒரு விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1971-ல் கணவர் ஜார்ஜியா மாநில ஆளுநரானபோது போட்டது. 1977-ல் அவர் ஜனாதிபதி ஆனபோது அதையே திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். ஃபேஷன்காரர்கள் முகம் சுளித்தார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னதும், "நல்ல பொம்பளை. ஒரு தடவ போட்டுட்டுப் பொட்டியில வைக்கவா துணி?" என்றார். மாடியில் அதிக நேரம் அந்த கவுன் முன்னால்தான் நின்றோம்.

ரோசலின் ஜார்ஜியாவில் இருந்த காலத்திலிருந்தே மனநோயாளிகளுக்காக உழைத்தவர். வெள்ளை மாளிகைக்கு வந்த கையோடு மனநல ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக அவரை நியமிக்கப் பார்த்தால் சட்டம் குறுக்கே நின்றது. உறவினருக்குப் பதவி கொடுக்கக்கூடாது என்று 1967-ல் போட்ட சட்டம். அதனால் "கௌரவத் தலைவர்" என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் கௌரவம், நாடு முழுக்கப் போய்க் கூட்டம் நடத்தியது அவர்தான். 1979-ல் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் துணைக்குழு முன்னால் போய் உட்கார்ந்து சாட்சி சொன்னார். அமைச்சரவைக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். அதற்கும் பேச்சு வாங்கினார். 1980 அக்டோபரில் மனநல அமைப்புகள் சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதமே கணவர் தேர்தலில் தோற்றார். 1981-ல் வந்த புதிய அரசு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டது. அவர் விடவில்லை. 2023 நவம்பரில் 96 வயதில் இறந்தார், அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் அதே மனநல வேலையில்தான் இருந்தார். அந்த நீல ஷிஃபானுக்குக் கீழே இதை எழுதினால், அதே கவுனைத் திரும்பப் போட்ட பெண் எப்படிப்பட்டவர் என்று பார்க்கிறவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.

எல்லாரையும் தெய்வமாக்கிக் காட்டச் சொல்வதாக நினைக்காதீர்கள். கணக்கு என்றால் பற்றும் இருக்கும், வரவும் இருக்கும். 1919 அக்டோபர் 2-ம் தேதி உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தார். அவரை யார் பார்க்கலாம், எந்தக் காகிதம் கட்டிலுக்குப் போகலாம் என்பதை மனைவி எடித் முடிவு செய்தார். அமைச்சர்கள் அனுப்பிய கேள்விகள் எடித்தின் கையெழுத்தில் "ஜனாதிபதி சொல்கிறார்" என்ற பாணியில் குறிப்போடு திரும்பின. அவற்றில் எது கணவர் சொன்னது, எது இவர் சொன்னது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் உலகப்போர் முடிந்து, சமாதானத்துக்கான வெர்சாய் ஒப்பந்தம் செனட்டில் தொங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. தான் ஒரு முடிவும் எடுக்கவில்லை, எது முக்கியம், எதை எப்போது அவரிடம் கொண்டுபோவது என்பதை மட்டுமே தீர்மானித்ததாக எடித் பின்னாளில் எழுதினார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருந்த யாரையும் கேளுங்கள், அந்த "மட்டுமே"யின் எடை என்னவென்று சொல்வார்கள். ஓட்டு வாங்காதவர், சம்பளம் வாங்காதவர், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர். சம்பளமில்லாத வேலைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. எடித்தின் உடுப்புக்குப் பக்கத்தில் அப்படியொரு குறிப்பின் நகலை வையுங்கள்.

1993-ல் ஹிலரி கிளின்டன் சுகாதாரச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது விவகாரம் கோர்ட்டுக்கே போனது. குழுவில் அரசு ஊழியர் அல்லாதவர் இருந்தால் அதன் கூட்டங்களைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம். முதல் பெண்மணி அரசு ஊழியரா, வெளியாளா? அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரை அரசு அலுவலராகவே கொள்ளலாம் என்றது வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம். அதற்கு அது கைகாட்டியவற்றில் ஒன்று அந்த 1978 சட்டம். ஆக, பொறுப்பு என்று வந்தால் அலுவலர், சம்பளம் என்று வந்தால் வீட்டுக்காரி. நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

உங்களைக் குறை சொல்லும்போது உங்கள் பழைய கதையையும் சொல்லவேண்டும். 1912-ல் காஸி மேசன் மையர்ஸ் ஜூலியன்-ஜேம்ஸ், ரோஸ் கவர்னர் ஹோஸ் என்ற இரண்டு பெண்கள் வீடு வீடாகக் கேட்டு இந்த உடுப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பதவியில் இருந்த ஜனாதிபதியின் மனைவி ஹெலன் டாஃப்ட் தன் பதவியேற்பு கவுனைக் கொடுத்தார், அதிலிருந்துதான் வழக்கம் தொடங்கியது. 1914-ல் காட்சி திறந்தபோது, ஸ்மித்சோனியனில் பெண்களை முன்னிறுத்திய முதல் காட்சி அதுதான். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. 1992-ல் உங்கள் காப்பாட்சியர் எடித் மேயோ காட்சியையே மாற்றி அமைத்து, இந்தப் பெண்களின் அரசியல் பங்கைப் பேச வைத்தார். அதற்கும் எதிர்ப்பு இருந்திருக்கும். ஆக, இந்த மாற்றம் உங்களுக்குப் புதிதில்லை. 2011-ல் திறந்த காட்சியிலும் டாலி மேடிசன், லேடி பேர்ட் ஜான்சன் போன்ற நாலு பேரைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் அதே மரியாதை வேண்டும் என்கிறேன்.

இடம் போதாது, பலகையில் ஐம்பது சொல்லுக்கு மேல் யாரும் படிப்பதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் ஐம்பது சொல் தாராளம். "தைத்தவர் இன்னார். பணம் கொடுத்தவர் இன்னார். அவ்வாண்டு ஜனாதிபதியின் சம்பளம் இவ்வளவு, உடுத்தியவரின் சம்பளம் இல்லை." தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். பெயர் தெரியாத தையற்காரர்கள் எத்தனை பேர் என்பதும் ஒரு தகவல்தானே. அரசுக்கு வந்த அன்பளிப்பா, இரவலா, கணவர் கட்டிய பில்லா என்பது பல கவுன்களுக்கு உங்கள் கோப்புகளிலேயே இருக்கும்.

இன்னொன்று. வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியில் முதல் பெண்மணிக்கென்று முறையான அலுவலகம் வைத்துக்கொண்டவர் ரோசலின் கார்ட்டர், 1977-ல். பின்னால் வந்தவர்களின் ஊழியர்களும் பெரும்பாலும் அங்கே இருந்துதான் வேலை பார்த்தார்கள். அந்தக் கிழக்குப் பகுதியை 2025 அக்டோபரில் நடனக்கூடம் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். இடித்தது சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை, அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நடனத்துக்குப் போட்ட உடுப்பு உங்களிடம் டஜன் கணக்கில் இருக்கிறது. வேலை செய்த அறையிலிருந்து ஒரு மேசையோ, கதவோ, கடிதங்களைப் பிரித்து வைக்கும் தட்டோ ஏதாவது உங்களிடம் வந்து சேர்ந்ததா? வராவிட்டால் கேட்டு வாங்க முயற்சி எடுத்தீர்களா? இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். வரும் கோடையில் சின்ன அத்தை வருகிறார், அவருக்குக் கேள்விகள் இன்னும் ஜாஸ்தி.

அன்புடன்,
மேரிலாந்திலிருந்து ஒரு பார்வையாளர்